மடிப்பிச்சைப் பையின் வாய்

சோலைமலைக்குத் திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். அடுப்பில் கேத்தல் இருந்தால் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், சுட்டுக்கொள்வார், மறுநாளும் தொட்டுப் பார்ப்பார். சீனிப் போத்தல், மாவு டின், பக்கத்துக் காம்பராக்காரர்களின் தண்ணீர்ப் பீப்பாய், எதுவானாலும் போகிற போக்கில் மூடிவிட்டுத்தான் போவார். ஒரு தைப்பொங்கலன்று கோயில் வாசலில் கொதித்துக்கொண்டிருந்த பொங்கல் பானையை நல்ல மனதோடு ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டார். பொங்கி வழிய வேண்டிய பானை வழியவே இல்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் அதை வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டினார்கள்.

ஆளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை; தொழில் அப்படி. கொட்டகலைக்கு மேலே, பஸ் ரோட்டை விட்டு ஏறிப் போனால் வருகிற தேயிலைத் தோட்டத்தின் பெக்டரியில் அவருக்கு வாய் மூடுகிற வேலை. முன்பு பலகைப் பெட்டிகளுக்கு மூடி அடித்தார். பெட்டிகள் போய்த் தடித்த கடதாசிச் சாக்குகள் வந்த பிறகு, தூளை நிரப்பி, தட்டி அமர்த்தி, வாயை மடித்து மூடினார். ஈரக்காற்று ஒரு மூச்சு உள்ளே போனாலும் தூள் கெட்டுவிடும். அவர் மூடிய சாக்கு எதுவும் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது, அதை அவர் மறைத்ததும் இல்லை.

அவர் மனைவி சண்முகவடிவு எதையும் மூட மாட்டாள். கதவைத் திறந்தால் திறந்தபடி, டின்னைத் திறந்தால் மூடி ஒரு பக்கம், டின் ஒரு பக்கம். அதற்கும் தொழில்தான் காரணம். அவள் கொழுந்து பறிக்கிறவள். கொழுந்துக் கூடைக்கு மூடி கிடையாது. மூடினால் உள்ளே சூடேறிக் கொழுந்து சிவந்துபோகும். தலையில் மாட்டிய கயிற்றில் கூடை முதுகில் தொங்கும். இரண்டு கையும் செடிமேல் ஓடும். கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவாள். ஒரு இலை வெளியே விழாது. பேசிக்கொண்டும், சிரித்துக்கொண்டும், கங்காணியைத் திட்டிக்கொண்டும் வீசுவாள். பின்னால் ஒரு வாய் திறந்திருக்கிறது என்பதில் அவள் கைக்கு அத்தனை நம்பிக்கை.

மூடுகிறவரும் மூடாதவளுமாக, லயம் என்கிற வரிசை வீட்டின் ஓர் அறையான ஒரே காம்பராவில் குடும்பம் நடத்தினார்கள். ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, கந்தப்பளையில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அடுப்படியில் நடந்த மூடிச் சண்டைகளைத் தவிரப் பெரிய சண்டை ஒன்றும் அவர்களுக்குள் இருந்ததில்லை.

தொண்ணூற்றாறில் சோலைமலை ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போனார். போன இடத்தில் ஆமிக்காரர்களின் சுற்றிவளைப்பு. அடையாள அட்டைக்கு எழுதிப்போட்டு வருஷமாகியும் அது கைக்கு வந்திருக்கவில்லை. தமிழன், அட்டை இல்லை. அவ்வளவு போதுமாக இருந்தது. லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வடிவு யார் யார் காலிலோ விழுந்து பார்த்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பறிக்கிற மலையின் உச்சி வரிசையில் நின்றால், மேகம் இல்லாத காலையில் தூரத்தில், சாமியின் பாதம் பதிந்த சிவனொளிபாதமலையின் கூர் தெரியும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே அவள் வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த மீனம்மா அதைக் காதால் கேட்டாள்.

"அவரு உசுரோட வந்து சேந்தா, லயம் லயமா மடிப்பிச்ச எடுக்கிறேன் சாமி. எடுத்த அரிசிய என் முதுகுல நானே சொமந்துக்கிட்டு வந்து ஒன் பாதத்துல கொட்டுறேன். வேற ஒரு கை அதுல படாது."

அந்த வருஷ மழைக்காலம் முழுக்கக் கழிந்த பிறகு சோலைமலை திரும்பி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அத்தனை மெலிந்திருந்தார். வீட்டுக்குள் வந்ததும், திறந்து கிடந்த மாவு டின்னை மூடினார். அதைப் பார்த்த பிறகுதான் வடிவுக்கு அழுகை வந்தது.

அடுத்த வருஷம் நேர்த்திக்கடனை நிறைவேற்றலாம் என்று இருந்தாள். அதற்குள் கழுத்து முடங்கிப்போனது. எத்தனை வருஷம் தலையில் கயிறு மாட்டி இழுத்த கழுத்து! ஒரு காலையில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போக எழும்பியவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. எலும்பு தேய்ந்துவிட்டது, இனிக் கூடை தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோட்டத்தில் அவளைப் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டும் வேலைக்குப் போட்டார்கள். தலை வாரக்கூட மீனம்மா வர வேண்டியிருந்தது. விசித்திரம் என்னவென்றால், கொழுந்து போடுகிற அந்த ஒரு வீச்சு மட்டும் கையில் மிச்சம் இருந்தது. முழங்கையை மடக்கிப் பின்னால் விசிறுகிற அந்த அசைவுக்கு மட்டும் வலி வழிவிட்டது.

நேர்த்தி தள்ளிக்கொண்டே போனது. சோலைமலைக்கு ஒரு இருமல் வந்தால் போதும், வடிவின் முகம் செத்துவிடும். பெக்டரியில் அவர் காலில் ஒரு பலகை விழுந்தபோது, "சாமி ஞாபகப்படுத்துது" என்றாள். அவர் ரயிலேறி ஹட்டனைத் தாண்டினால் திரும்பி வரும்வரை சாப்பிட மாட்டாள்.

"நான் தூக்கிக்கிட்டு வாரேன் புள்ள. நீ கூட வந்தா போதும். சாமிக்குத் தெரியாதா?" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார்.

"ஒங்களுக்காக வேண்டுனத நீங்களே தூக்குனா அது என்னாங்க நேர்த்தி? நீங்க தொடவே கூடாது."

அந்த ஒன்று அவரை உள்ளுக்குள் அரித்தது. தனக்காக ஒருத்தி பட்ட கடன், அதில் தான் ஒரு விரல்கூட வைக்க முடியாது. என்ன செய்வார் மனுஷன்?

இரண்டாயிரத்து மூன்றில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டொக்டர் அம்மா ஒருவர், வடிவின் கழுத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். தலையில் எதுவும் கூடாது. இரண்டு தோளிலும் சமமாகத் தொங்குகிற மாதிரி, ஒரு கைக்குழந்தையின் பாரத்தை விடக் குறைவாக இருந்தால் மெதுவாக ஏறலாம். "பையோட பாரமும் சேத்துத்தான் சொல்றன்" என்று அழுத்திச் சொன்னார்.

சோலைமலை அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போய் முதுகில் மாட்டுகிற பைகளைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் வெறும் பையாகவே கனத்தது. தடித்த துணி, உள்ளே பஞ்சு, இரும்பு வளையம். பை எடுத்துக்கொள்கிற பாரத்தில் அரிசிக்கு எங்கே இடம்? கடைக்கார இஸ்ஸதீன் நானாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"என்னத்துக்கு சோலமல ஒவ்வொண்ணா தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க?"

சோலைமலை விஷயத்தைச் சொன்னார். நானா யோசித்தார். பிறகு மேலே தொங்கிய ஒரு குடையைக் காட்டினார். "கொடச் சீலைய விட லேசான சீல எங்க ஈக்கி? மழையும் எறங்காது. பின்னுக்கு ஒடஞ்ச கொட குமிஞ்சு ஈக்கி, எடுத்துட்டுப் போங்க."

உடைந்த குடைகளோடு சோலைமலை வீடு வந்தார். கறுப்புச் சீலையைக் கம்பியிலிருந்து பிரித்து, துவைத்துக் காயப்போட்டு, முக்கோணங்களை ஒன்றோடொன்று வைத்துத் தைத்தார். தோள்பட்டைக்கு மட்டும் வடிவின் பழைய சேலையிலிருந்து மெத்தென்ற துணியை மடித்து வைத்தார். தைத்து முடித்ததும் வடிவைக் கண்ணை மூடச் சொல்லி, பையை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"வைங்கங்க" என்றாள் வடிவு.

"வச்சாச்சு."

கண்ணைத் திறந்து பார்த்தவள் பையை முகத்தோடு அணைத்துக்கொண்டாள். இனிமேல் போகலாம் என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் நம்பிக்கை வந்தது.

மிச்சம் இருந்தது பையின் வாய். பாதமலையில் மழைக்குச் சொல்லிவைத்த நேரம் இல்லை. அரிசி நனைந்தால் பாரம் ஏறும். பாரம் ஏறினால் கழுத்து தாங்காது. ஆகவே வாயை மூடியாக வேண்டும். இந்த வேலையைத் தன்னை விட நன்றாகச் செய்ய இலங்கையிலேயே ஆள் இல்லை என்று சோலைமலை நினைத்தார்.

முதலில் ஜிப் வைத்தார். பிய்ந்துபோன ஒரு ஜக்கட்டிலிருந்து பிரித்தெடுத்தது. நேராகத்தான் தைத்தார், ஆனால் மெல்லிய சீலை பல்லில் மாட்டி மாட்டி நின்றது. அதை இழுத்து விடப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பையைத் தொட வேண்டும். ஜிப் போனது.

அடுத்து சுருக்குக் கயிறு. வெற்றிலைப் பை மாதிரி இழுத்தால் சுருங்கும், விட்டால் விரியும். வடிவுக்குப் பிடித்திருந்தது. அவர் அதன் தலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சுருக்கத்தின் நடுவில் ஒரு விரல் போகிற ஓட்டை. தண்ணீர் அதன் வழியாக நேரே உள்ளே இறங்கியது. நனைந்த கயிறு முடிச்சு இறுகி, வடிவின் விரலுக்கு அவிழவும் இல்லை. அதையும் பிரித்தார்.

மூன்றாவதாகத்தான் தன் பெக்டரி வித்தையை இறக்கினார். பையின் வாயை ஒரு முழம் நீட்டி, இரண்டு விளிம்பையும் சேர்த்து, மடித்து, மடித்து, இன்னும் ஒரு முறை மடித்து, இரண்டு ஓரத்திலும் கொக்கி போட்டு இறுக்கினார். பிறகு தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் வைத்து ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கவிழ்த்தார். லயத்துச் சனம் கூடி நின்று பார்த்தது. உள்ளே கைவிட்டுத் தடவி, காய்ந்த விரலை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். கழற்றிவைத்துத் திறக்க வடிவாலும் முடிந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று முழுக்க அவர் நடையே தனியாக இருந்தது.

மடிப்பிச்சைக்கு நாள் பார்த்தார்கள். வடிவு தலை முழுகி, மஞ்சள் சேலை கட்டி, பையை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். சோலைமலை பின்னால் வந்தார். பையைத் தொடாமல், ஆனால் கண்ணை எடுக்காமல். முதல் வீடு மீனம்மாவுடையது. நேர்த்தியைக் காதால் கேட்டவள் அல்லவா, அவள் கையால் தொடங்க வேண்டும் என்று வடிவுக்கு ஆசை.

மீனம்மா சுளகில் அரிசியோடு வாசலில் நின்றாள். "எடுத்துக்க வடிவு. மலையேறி நல்லபடியா வா" என்று சொல்லி, இரண்டு கையும் சேர்த்து அள்ளி வடிவின் கையில் போட்டாள்.

வடிவு கையை இறக்கவில்லை. பையைக் கழற்றவில்லை. ஒரு யோசனையும் இல்லாமல், இத்தனை வருஷமாகச் செய்தபடி, முழங்கையை மடக்கித் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத வாய், ஒரு மணி அரிசியையும் உள்ளே விடவில்லை. இறுக்கி மூடிய மடிப்பில் பட்டு அரிசி அத்தனையும் வாசலெங்கும் தெறித்தது. எங்கிருந்தோ கோழிகள் ஓடி வந்தன. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். மீனம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வடிவின் முகத்தைப் பார்த்ததும்தான் எல்லாரும் நிறுத்தினார்கள்.

அவள் மண்ணில் உட்கார்ந்து கோழிகளை விரட்டிக்கொண்டே அரிசியைப் பொறுக்கினாள். குனிய முடியாத கழுத்தோடு, தடவித் தடவிப் பொறுக்கினாள். "நேர்த்தி அரிசி சிந்திருச்சே... மொத பிடியே சிந்திருச்சே... இவருக்கு என்னா ஆகப்போவுதோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சோலைமலை பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கப் போனார். "தொடாதீங்க!" என்று அலறிவிட்டாள். நீட்டிய கையை அவர் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு மடிப்பிச்சை அதோடு நின்றது. வீட்டுக்கு வந்ததும் சோலைமலை தேத்தண்ணி ஊற்றி அவள் முன்னால் வைத்தார்.

"பிழ என்னோடது புள்ள. நான்தான் மூடுனேன்" என்றார்.

"ஒங்க பிழ இல்லங்க. நான் கைய அந்தப் பக்கம் அனுப்பவே இல்ல. அதுவாப் போயிருச்சு." வடிவு தன் வலது கையை எதிரில் நீட்டிப் பார்த்தாள். "இந்தக் கையால வேற ஒண்ணும் முடியாது. தலை வார முடியாது. பானை எறக்க முடியாது. இது ஒண்ணுதான் வருது. நான் நல்லா இருந்தப்ப எப்பிடிச் சொமந்தேனோ அப்பிடிச் சொமந்தாத்தான் நான் சொமந்த மாதிரி இருக்கும். பின்னால தெறந்தே இருக்கட்டுங்க."

"மழ வந்தா?"

"வந்தா நனையட்டும்."

"நனஞ்சா பாரம் ஏறும். கழுத்து போயிரும். பாதி மலையில என்னா செய்வே?"

"அது சாமிக்கும் எனக்கும் உள்ளது. நீங்க வாயத் தெறந்து வச்சுக் குடுங்க, அது போதும்."

வாயைத் திறந்து வைத்துக் கொடுங்கள் என்று ஒருவரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை. கொக்கிகளை அறுத்தார். நீட்டி வைத்த முழத் துணியை வெட்டினார். குடைக்கம்பி ஒன்றை வளைத்து, பையின் வாயைச் சுற்றி உள்ளே கொடுத்துத் தைத்தார். வாய் கொழுந்துக் கூடையைப் போல வட்டமாக விரிந்து நின்றது. வடிவு மாட்டிப் பார்த்து, ஒரு பிடி இலையை எடுத்துப் பின்னால் வீசினாள். ஒன்றும் சிந்தவில்லை. கழுத்து முடங்கிய நாளுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

ஆனாலும் பழக்கம் விடுமா? விளிம்புக்குப் பின்னால் ஒரு மூடித்துணியைத் தைத்துச் சுருட்டி ஒளித்துவைத்து, குடையைச் சுற்றிக் கட்டுகிற ஒட்டுப்பட்டியால் அதை ஒட்டிவிட்டார். மறுநாள் வடிவு பையைத் தூக்கியபோது அது கர்ரென்று பிரிந்தது.

"இது என்னாங்க?"

"அது... காத்துக்கு."

"காத்துக்கா?"

அவர் பையை வாங்கி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தார். தன் வாழ்க்கையில் அவர் மூடாமல் விட்ட முதல் வாய் அதுதான். அந்த வாரம் லயம் லயமாகப் போய் வடிவு மடிப்பிச்சை எடுத்தாள். மீனம்மா மறுபடியும் இரண்டு கையால் அள்ளிக் கொடுத்தாள். கொடுத்த பிடிகளெல்லாம் தோளைத் தாண்டிப் பறந்து, சொல்லிவைத்த மாதிரி உள்ளே விழுந்தன.

சித்திரையில் ஒரு வேலை நாளாகப் பார்த்து, கூட்டம் குறைந்த நேரத்தில் மலைக்குப் போனார்கள். ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணியில் இறங்கி, மடத்தில் தங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்கினார்கள். இஸ்ஸதீன் நானா தன் கடையிலேயே பெரிய குடை ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். சோலைமலை அதை இடுக்கிக்கொண்டு, வடிவுக்கு இரண்டு படி கீழே பின்னால் வந்தார்.

அவள் மெதுவாக ஏறினாள். நான்கைந்து படி, பிறகு நிற்பாள். தலை ஒரு பக்கமும் திரும்பாது. மேலே இருக்கிற படிகளை மட்டும் பார்த்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். இன்னும் எவ்வளவு தூரம் என்று அந்த மலையில் கேட்கக் கூடாது என்பது ஐதீகம். அவர் கேட்கவில்லை. அவளுக்காகக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனியில் பல தடவை வந்தது, விழுங்கிக்கொண்டார்.

இறங்கி வந்த ஒரு சிங்கள அம்மா, வெள்ளைச் சேலையோடு, தடி ஊன்றியபடி, "கருணாவய்" என்றாள். மலையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவருக்கொருவர் சொல்கிற வாழ்த்து அது. வடிவும் திருப்பிச் சொன்னாள். பையைப் பார்த்து அந்த அம்மா என்னவென்று கேட்க, சோலைமலை தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நேர்த்தியைச் சொன்னார். அவள் தன் மூட்டையை அவிழ்த்தாள். வழியில் பொங்க வைத்திருந்த அரிசியில் மிஞ்சியது கொஞ்சம் இருந்தது. "இந்தா நங்கி" என்று தங்கையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, ஒரு பிடியை வடிவின் கையில் வைத்தாள். வடிவு அதைப் பின்னால் வீசியதைப் பார்த்து, "அம்மே!" என்று வாயில் கைவைத்துச் சிரித்தாள்.

ஏறும் வழியில் ஊசி நூல் போடுகிற இடம் ஒன்று உண்டு; அங்கே சிங்களச் சனம் நூல் கோத்த ஊசிகளைக் காணிக்கையாகப் போட்டுக்கொண்டிருந்தது. சோலைமலை சட்டைக் கொலரில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார். பை தைத்த ஊசி. வழியில் மழை வந்தால் சட்டென்று ஒரு மூடியைத் தைத்துவிடலாம் என்று, அவளுக்குத் தெரியாமல், ஒரு துண்டுக் குடைச்சீலையோடு கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நேரம் ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு அதையும் அங்கே போட்டுவிட்டார்.

கடைசி ஏற்றம் செங்குத்தானது. பாதிக்கு வந்தபோது மலை இருண்டது. ஒரு காற்று கிளம்பி, அதன் பின்னாலேயே மழை வந்தது. சித்திரை மழை தூறலாகத் தொடங்காது; வாளியைக் கவிழ்த்ததுபோல ஒரேயடியாக விழும். மேலே இருந்தவர்கள் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். வடிவால் ஓட முடியாது. படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். "போச்சு" என்று அவள் வாய் முனகியது. பிறகு ஒரு படி ஏறினாள்.

அப்போது கால் வழுக்கியது. சோலைமலையின் கை பாய்ந்து பைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. பிடித்தால் நேர்த்தி போகும். பிடிக்காவிட்டால் இவள் போவாள். அந்த ஒரு கணத்தில் அவர் செத்துப் பிழைத்தார். வடிவு கம்பியை இறுக்கிப் பிடித்துத் தானாகவே நிமிர்ந்துகொண்டாள்.

அவர் குடையை விரித்தார். அதைத் தனக்குப் பிடிக்கவில்லை, அவள் தலைக்கும் பிடிக்கவில்லை. இரண்டு படி கீழே நின்றபடியே கையை முழுக்க நீட்டி, அந்த வட்டமான திறந்த வாய்க்கு மேலே, பையைத் தொடாமல் பிடித்தார். அவள் ஒரு படி ஏறினால் அவரும் ஒரு படி ஏறினார். அவள் நின்றால் நின்றார். குடைச் சரிவில் இறங்கிய மழையெல்லாம் அவர் முகத்திலேயே கொட்டியது. தோள் எரிந்தது. இத்தனை வருஷம் கயிறு இழுத்த கழுத்து எப்படி எரிந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கண்ணீரும் வந்தது, மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று தாராளமாக விட்டுவிட்டார்.

வடிவுக்குத் திரும்பிப் பார்க்க முடியாது. அரிசி நனைந்து கனக்கப்போகிறது, இப்போது கனக்கும், இந்தப் படியில் கனக்கும் என்று தோளைக் கெட்டிப்படுத்திக்கொண்டே ஏறினாள். பாரம் ஏறவே இல்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல், சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு உச்சிக்கு வந்து சேர்ந்தாள்.

பாதத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வடிவு மண்டியிட்டாள். பையைக் கழற்றி மடியில் வைத்து உள்ளே கைவிட்டாள். அரிசி காய்ந்திருந்தது. கலகலவென்று விரலிடுக்கில் ஓடியது. தோட்டத்து வீடுகளின் அரிசியும், பெயர் தெரியாத அந்த அம்மாவின் அரிசியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. பையைக் கவிழ்த்து அத்தனையையும் கொட்டினாள். ஏழு வருஷக் கடன் அதோடு இறங்கிப் போனது.

பிறகு எழுந்தாள். கழுத்து திரும்பாததால் உடம்போடு முழுசாகத் திரும்பினாள்.

சோலைமலை நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. குடை விரிந்தபடியே இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை.

"யாரு கையும் படக்கூடாதுன்னு சொன்னேன்ல?" வடிவின் குரல் உடைந்தது.

"கை படல புள்ள. சத்தியமா படல. கொடதான்."

அவள் முந்தானையைப் பிழிந்து அவர் தலையைத் துவட்டப் போனாள். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அவர் குனிந்து தலையைக் கொடுத்தார். குழந்தைக்குத் துவட்டுவதுபோல அவள் துவட்டினாள். காதுக்குப் பின்னால்கூட விடவில்லை. சுற்றி நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் இருவருக்குமே இல்லை.

"போதுங்க, கையை எறக்குங்க. மழ விட்டு எவ்வளவோ நேரமாச்சு" என்றாள்.

அப்போதுதான் அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் வெளுத்திருந்தது. கையை இறக்கப் பார்த்தார், முடியவில்லை. விரல்கள் குடைக்காம்போடு விறைத்துப்போயிருந்தன. வடிவு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடையை வாங்கினாள். விசையை அமுக்கி, சீலையை உதறி, சுற்றி, பட்டியை ஒட்டினாள். அவள் ஒன்றை மூடிவைத்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.